மலிந்த கூலியும் தேர்ந்த கையும்

“எங்கள் நாட்டில் கூலி மலிவு, இங்கே வந்து தொழில் நடத்துங்கள்” என்று அந்நிய முதலாளிகளை நம்மவர் வருந்தி அழைப்பதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். இதனை ஒரு பெருமையாகக் கருதுவோரும் உளர். கூலி மலிவு என்பது, தன் மக்களின் உழைப்பு குறைந்த பலனையே தருகிறதென்று ஒரு தேசம் தானே முன்வந்து கொடுக்கும் வாக்குமூலமாகும். ஒரு மனிதன் ஒரு நாளில் எவ்வளவு உண்டாக்குகிறானோ, அதற்கு மேற்பட்ட ஊதியத்தை எந்தச் சட்டமும் எந்தச் சங்கமும் நெடுங்காலம் அவனுக்கு வாங்கித் தர இயலாது. ஆகவே, தொழிலாளியின் கையும் மூளையும் எவ்வாறு பண்படுகின்றன என்னும் கேள்வி பள்ளி ஆசிரியரோடு நின்றுவிடுவதன்று. தேசத்தின் வறுமை நீங்குமா நீங்காதா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் வேலை செய்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் விவசாயத்தில் இருக்கின்றனர் என்று 2022-23-ஆம் ஆண்டின் சர்க்கார் கணக்குக் கூறுகிறது. தேசத்தின் மொத்த உற்பத்தி மதிப்பிலோ விவசாயத்தின் பங்கு நூற்றுக்கு 18 அளவே. பாதிக்குச் சற்றுக் குறைந்த ஜனங்கள் உழைத்து ஐந்தில் ஒரு பங்கும் ஈட்டவில்லையெனின், அவர்கள் சோம்பேறிகள் என்பது பொருளா? வெயிலில் குனிந்து நாற்று நடும் பெண்ணைக் கண்ட எவரும் அவ்வாறு கூறத் துணியார். உழைப்பில் குறையில்லை. உழைப்புக்குத் துணைநிற்க வேண்டிய கருவியும், படிப்பும், தொழிற்பழக்கமும், நிர்வாகமுமே குறைவு. இவற்றுள் படிப்பும் பழக்கமும் தொழிலுக்குத் தொழில் எங்ஙனம் பலன் தருகின்றன என்பதை இங்கு ஆராய்வோம்.

பம்பாயும் ஒஸாகாவும்

இவ்விஷயத்தில் நமக்குப் பாடம் கற்பிக்கத்தக்க சரித்திரம் ஒன்று நம் கண்ணெதிரிலேயே நடந்தது. பம்பாயில் முதற் பஞ்சாலை நிறுவப்பட்டது 1854-ல். ஜப்பானின் ஒஸாகா நூற்பாலை வேலை தொடங்கியது 1883-ல். அஃதாவது, நாம் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் முந்தியிருந்தோம். இரு தேசத்தாரும் யந்திரங்களை லங்காஷயரிலிருந்தே வாங்கினர். பஞ்சோ நம்முடையது, 1893-ல் டாட்டா கம்பெனியாரும் ஜப்பானியக் கப்பல் கம்பெனியாரும் கூடி பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் கப்பல் விட்டதும் இந்தப் பஞ்சை ஏற்றிச் செல்லவே. இப்படியிருந்தும், 1897-ல் ஜப்பான் தான் இறக்குமதி செய்த நூலினும் மிகுதியான நூலை ஏற்றுமதி செய்யத் தொடங்கிவிட்டது. சீனச் சந்தையில் நம் நூல் பின்வாங்கிற்று. 1933-ல் நமது பஞ்சாலைகளைக் காப்பதற்கென்று ஜப்பானியத் துணிமீது நூற்றுக்கு 75 வரி போடவேண்டிய நிலையும் வந்தது. பஞ்சு விற்றவன் துணி வாங்குபவனானான். அத்துணியை வேலி கட்டித் தடுக்கவும் வேண்டியவனானான்.

ஜப்பானியன் இயல்பாகவே நம்மினும் கெட்டிக்காரன் என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மையன்று. பொருளாதார சரித்திர ஆசிரியரான கிரிகரி கிளார்க் என்பவர் 1987-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1910-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் செய்த வேலையை இந்தியாவிலும், சீனாவிலும், ஜப்பானிலும் ஏறக்குறைய 6 பேர் செய்தனர். அப்போது ஜப்பானியத் தொழிலாளிக்கும் நம் தொழிலாளிக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதன்பின் வந்த 25 ஆண்டுகளிலேதான் அவர்கள் விரைந்து மேலேறினர்; நாம் நின்ற இடத்திலேயே நின்றோம்.

அந்த ஏற்றத்திற்கான அஸ்திவாரம் அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது. 1868-ல் புது அரசாட்சி ஏற்பட்ட ஜப்பான், 1872-ல் கல்விச் சட்டம் ஒன்றைப் பிரகடனம் செய்தது. படிப்பில்லாத வீடு எந்தக் கிராமத்திலும் இருக்கலாகாது என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் டொமியோகா என்னுமிடத்தில் சர்க்கார் ஒரு பட்டு நூற்பாலையை நிறுவி, பிரெஞ்சு நிபுணர்களை வரவழைத்து, நல்ல குடும்பத்துப் பெண்களை அதில் பழக்கியது. பழகிய பெண்கள் தத்தம் ஜில்லாக்களுக்குத் திரும்பி, அங்கே தோன்றிய ஆலைகளில் ஆசிரியைகளாயினர். 1873-ல் டோக்கியோவில் எஞ்சினீயரிங் கல்லூரி ஏற்பட்டது. ஹென்றி டயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதனை நடத்தினார். 1910 வாக்கில் ஜப்பானியச் சிறுவர் சிறுமியருள் பெரும்பாலோர், நூற்றுக்கு 95-க்கு மேற்பட்டோர், ஆரம்பப் பள்ளியில் இருந்தனர்.

அதே சமயத்தில் நம் நாட்டில் நடந்ததென்ன? 1911-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 6 பேர். அவ்வாண்டிலேயே கோபாலகிருஷ்ண கோகலே இம்பீரியல் சட்டசபையில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். அது மிகவும் அடக்கமான மசோதா. ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால், சர்க்காரின் அனுமதி பெற்று, 6 முதல் 10 வயதுள்ள சிறுவரைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பச் செய்யலாம் என்பதே அதன் சாரம். அதுவும் 1912-ல் 13-க்கு எதிராக 38 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர் அனைவரும் வெள்ளையரல்லர் என்பதையும் மறைப்பதற்கில்லை. உழவன் பிள்ளை படித்துவிட்டால் வயலில் யார் இறங்குவது என்று அஞ்சிய நம்மவரும் அன்று இருந்தனர்.

பள்ளி மட்டும் போதுமா?

நிற்க. பள்ளிகளைத் திறந்துவிட்டால் ஆலைகளில் உற்பத்தி தானாகப் பெருகும் என்று கொள்வதும் பிழையாகும். அறுந்த இழையை இணைப்பதற்கு இலக்கண அறிவு வேண்டுவதில்லை. பம்பாய் ஆலைகளில் தொழிலாளியைச் சேர்த்தவனும், பழக்கியவனும், நீக்கியவனும் ஜாபர் என்னும் மேஸ்திரியே. அவனுக்கு வேண்டியவர் உறவினர் அருகே நின்று பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றனர். முதலாளிக்கோ தொழிலாளியின் பெயரே தெரியாது. இவ்வேற்பாட்டில் வேலை நடந்தது, வேலை வளரவில்லை.

1920-க்குப் பின் ஓர் ஆளுக்குக் கூடுதல் கதிர்களையும் தறிகளையும் ஒப்படைக்க முதலாளிகள் முற்பட்டபோது, 1928-ல் பம்பாய்த் தொழிலாளர் ஏறத்தாழ 6 மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. இரண்டு தறி பார்த்தவன் மூன்று தறி பார்த்தால் பக்கத்தில் நிற்கும் தன் தம்பிக்கு வேலை போகும். மிஞ்சும் லாபம் பங்குதாரருக்குப் போகும். இக்கணக்கைப் போட அத்தொழிலாளிக்குக் கல்லூரிப் படிப்பு தேவைப்படவில்லை. ஜப்பானிய ஆலைகளிலோ பெரும்பாலும் இளம்பெண்கள் சில ஆண்டுகள் மட்டும் வேலை செய்து ஊர் திரும்பினர். ஆட்குறைப்பு என்பது அங்கே, விலகிச் சென்றவரின் இடத்தை நிரப்பாது விடுவதாக முடிந்தது. அப்பெண்கள் விடுதிகளில் ஏறக்குறையச் சிறைப்பட்டிருந்ததையும், 1929 வரை இரவு வேலையில் வாடியதையும் நாம் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் கூறவில்லை. உற்பத்திப் பெருக்கத்தின் பலன் யாருக்கு என்பது தீராதவரை, எந்தத் திறமையும் ஆலையில் முழுமையாக வெளிப்படாது என்பதையே இங்கு வற்புறுத்துகிறோம்.

திறமை தொழிலாளிக்கு மட்டும் வேண்டுவதென்று நினைக்கும் முதலாளிகளுக்கும் ஒரு செய்தியுண்டு. நிக்கோலஸ் புளூம் முதலிய பொருளாதார அறிஞர்கள் மும்பைக்கு அருகேயுள்ள நெசவாலைகள் சிலவற்றில் பரீட்சை நடத்தி 2013-ல் அதன் முடிவை வெளியிட்டனர். புதிய யந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. பழுதான துணியைக் கணக்கெழுதுதல், யந்திரங்களை முறைப்படி எண்ணெயிட்டுப் பேணுதல், கிடங்கில் நூலை வகைப்படுத்தி அடுக்குதல் போன்ற சாதாரண நிர்வாக முறைகளையே கற்பித்தனர். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் நூற்றுக்கு 17 பங்கு உயர்ந்தது. அதுவரை அம்முறைகளைக் கையாளாததற்குக் காரணம் என்ன? அவற்றைப் பற்றி முதலாளிகள் பலர் அறியாதிருந்தனர்; அறிந்த சிலர் அவற்றால் பயனில்லை என்று நம்பியிருந்தனர். கல்லாமை ஆலை வாயிலில் நிற்பவனிடம் மட்டும் இல்லை. மெத்தை நாற்காலியிலும் அது அமர்ந்திருக்கிறது.

தொழிலுக்கேற்ற கல்வி

எல்லாத் தொழிலுக்கும் கல்வி ஒரே அளவில் பலன் தருவதில்லை. பாட்டன் உழுத முறையிலேயே பேரனும் உழும் ஊரில், படித்தவன் விளைச்சலும் படியாதவன் விளைச்சலும் ஏறக்குறைய ஒன்றே. முறை மாறும்போதுதான் படிப்பின் மதிப்பு தெரியும். 1960-களில் நமது சி. சுப்பிரமணியம் மத்திய விவசாய மந்திரியாக இருந்தபோது, 1966-ல் மெக்ஸிகோ கோதுமை விதை 18,000 டன் வரவழைக்கப்பட்டது. தஞ்சையில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவிற்று. எவ்வளவு உரம், எந்த நாளில் நீர், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்பன பாட்டன் சொல்லித் தராத விஷயங்கள். ஃபாஸ்டர், ரோஸென்ஸ்வைக் என்ற இரு அறிஞர்கள் அக்காலத்து இந்தியக் கிராமக் குடும்பங்களின் கணக்கை ஆராய்ந்து, புது விதைகள் எங்கே அதிகப் பலன் தந்தனவோ அங்கே ஆரம்பப் பள்ளிப் படிப்புள்ள உழவர் மற்றவரினும் மிகுந்த ஆதாயம் அடைந்தனர் என்று 1996-ல் நிரூபித்தனர். அப்பிரதேசங்களில் ஜனங்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் பெருகிற்றாம். படிப்பினால் லாபமுண்டென்று கண்ணாரக் கண்டால், ஏழையும் பிள்ளையைப் படிக்க வைப்பான் என்பதற்கு இது சான்று.

யந்திரத் தொழிலில் நிலைமை வேறு. அங்கே கையின் பழக்கமே மூலதனம். இதற்குக் கோயம்புத்தூரினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை. நிலக்கரியுமில்லை, துறைமுகமுமில்லை. 1888-ல் முதற் பஞ்சாலை எழுந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. அதன்பின் ஆலைகள் பெருகின. ஆலைகளின் பழுதுபட்ட பாகங்களைச் செப்பனிடப் பட்டறைகள் தோன்றின. சீமையிலிருந்து வரவேண்டிய பாகத்தை வார்த்தெடுக்கக் கற்றவன், நாளடைவில் முழு யந்திரத்தையும் செய்யக் கற்றான். ஆழக் கிணறுகள் நிறைந்த அந்த வறண்ட ஜில்லாவின் விவசாயிக்குப் பம்பும் மோட்டாரும் வேண்டியிருந்தன. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்சார மோட்டாரைத் தயாரித்தனர். பி. எஸ். ஜி. தர்ம ஸ்தாபனத்தார் 1926-ல் தொழிற்கூடமும், 1939-ல் பாலிடெக்னிக்கும் ஏற்படுத்தினர். 1956-ல் பஞ்சாலைகள் கூடி ‘சிட்ரா’ என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நிறுவி, ஓர் ஆலையின் உற்பத்தித் திறனை மற்றோர் ஆலையோடு ஒப்பிட்டுக் காட்டும் வழக்கத்தைத் தொடங்கின. பட்டறையும் பள்ளியும் ஆராய்ச்சியும் ஒரே ஊரில், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வளர்ந்தமையே கோவையின் ரகசியம்.

ஆயத்த ஆடைத் தொழிலில் மூன்றாவது வகையான அனுபவம் கிட்டியிருக்கிறது. பெங்களூரு ஆடை ஆலைகளில் தைக்கும் பெண்களுக்குத் தையலைக் கற்பியாமல், கூடிப் பேசுதல், நேரத்தை ஒழுங்கு செய்தல், குறையை எடுத்துரைத்தல் முதலியவற்றைக் கற்பித்துப் பார்த்தனர். கற்றவர் செய்த வேலை கூடிற்று. அவருடன் அதே வரிசையில் அமர்ந்திருந்த கல்லாதவர் வேலையுங்கூடச் சற்று ஏறிற்று. முதலாளி போட்ட பணம் சில மாதங்களிலேயே பன்மடங்காகத் திரும்பிற்று. அப்பெண்களின் கூலியோ மிகச் சொற்பமே உயர்ந்தது! 1928-ல் பம்பாய்த் தொழிலாளி எழுப்பிய கேள்வி இன்னும் விடையின்றியே நிற்கிறது.

சட்டம் உண்டு, பயன் எங்கே?

இன்றைய நிலையைப் பார்ப்போம். முறையான தொழிற்பயிற்சி பெற்றவர் இந்தியாவின் உழைப்பாளிகளுள் நூற்றுக்கு 4.69 பேரே என்று 2015-ல் வெளியிட்ட தேசியத் திறன் வளர்ச்சிக் கொள்கையில் மத்திய சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். ஜெர்மனிக்கு 75 என்றும், ஜப்பானுக்கு 80 என்றும், தென் கொரியாவுக்கு 96 என்றும் அதே ஏடு கூறுகிறது. தந்தையிடமும் பட்டறைக்காரரிடமும் தொழில் கற்றவர் இந்த 4.69-ல் சேரார். அப்படிப்பட்டவர் நம் நாட்டில் கோடிக்கணக்கில் உளர். கோவையை உண்டாக்கியவரே அவர்தாம். ஆனால் அவர் கையில் சான்றிதழ் இல்லை. ஆகையால் ஊர் மாறினால் அவர் திறமைக்கு மதிப்பில்லை. புது யந்திரம் வந்தால் அவருக்குக் கற்பிப்பாருமில்லை.

சட்டங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆவது ஷரத்து, 10 ஆண்டுகளுக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர முயலவேண்டும் என்றது. அது நீதிமன்றத்தில் கேட்டுப் பெறத்தக்க உரிமையாகச் செயலுக்கு வந்தது 2010-ல்; அஃதாவது 60 ஆண்டுகள் கழித்து. பள்ளிக்கு வருவது இன்று ஏறக்குறைய நிறைவேறிவிட்டது. தமிழ்நாட்டில் 1956-ல் காமராஜ் மந்திரிசபை தொடங்கிய மதிய உணவும், 1982-ல் அது விரிவடைந்ததும் இதில் பெரும் பணி செய்தன. ஆயினும், வந்த குழந்தை கற்கிறதா? 2024-ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் 5-ஆம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் 2-ஆம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க இயலாதவர். யந்திரத்தின்மேல் ஒட்டியுள்ள எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவனை எந்தத் தொழிற்பள்ளி எதற்குத் தயாரிக்கும்?

1961-ஆம் ஆண்டு முதல் தொழில் பழகுநர் சட்டம் ஒன்றும் இருந்து வருகிறது. 30 பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் தம் ஆட்களில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை பழகுநர்களைச் சேர்க்கவேண்டும் என்று 2019-ல் விதி திருத்தப்பட்டது. விதி நன்றே. ஆனால் பதிவுபெற்ற ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் இன்று கான்டிராக்ட் ஆட்கள் என்று ஆலைக் கணக்கே சொல்கிறது. நாளை இருப்பானோ மாட்டானோ என்றிருப்பவனுக்கு முதலாளி ஏன் தொழில் கற்பிப்பார்? அவன்தான் ஏன் ஊன்றிக் கற்பான்? நமது மேற்கு ஜில்லாக்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்களப் பெயரால் கன்னிப் பெண்களைச் சில ஆண்டுகள் விடுதியில் வைத்து வேலை வாங்கியதும் இவ்வகையே. பழகிய கை வெளியே செல்லும். பழகாத கை உள்ளே வரும். ஆலையும் பெண்ணும் தொடங்கிய இடத்திலேயே நிற்பர்.

செய்யத்தக்கவை

முதலாளி தரப்பின் நியாயத்தையும் கூறிவிட வேண்டும். “நான் பணம் செலவிட்டுப் பழக்கினால், பக்கத்து ஆலைக்காரர் 1,000 ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்கிறார்” என்கிறார் அவர். உண்மையே. ஆதலால்தான் இதனைத் தனிமனிதரின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடலாகாது. ஜெர்மனியில் தொழில் சபைகள் பரீட்சை நடத்திச் சான்று வழங்குகின்றன. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழுங்கு செய்தது. வாரத்தில் சில நாள் பட்டறை, சில நாள் பள்ளி என்பது அங்கே வழக்கம். முதலாளிகள் பலர் பழக்குவதால் ஒருவர் மற்றவரிடமிருந்து திருடவேண்டிய அவசியம் குறைகிறது. தென் கொரியா 1976-ல், பெரிய ஸ்தாபனங்கள் தொழிலாளரைப் பழக்கவேண்டும், பழக்காதவர் வரி செலுத்தவேண்டும் என்று சட்டம் செய்தது. நாமும் இவ்விரண்டினின்றும் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். 5 பேர் 10 பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளால் தனித்தனியே பள்ளி நடத்த இயலாது. அவை கூடியுள்ள ஊர்தோறும் பொதுப் பயிற்சிக்கூடம் ஒன்று வேண்டும். அதன் செலவைப் பெரிய ஆலைகளின் வரியினின்றும் தருக.

மற்றொன்று, மொழி. புது யந்திரத்தின் கையேடு ஆங்கிலத்திலோ ஜெர்மன் மொழியிலோ வருகிறது. அதைப் படிக்க வல்ல எஞ்சினீயர் யந்திரத்தைத் தொடுவதில்லை. யந்திரத்தைத் தொடுபவருக்கு அதைப் படிக்க இயல்வதில்லை. ஜப்பானியத் தச்சர் மகனான ஸாகிச்சி டொயோடா 1924-ல் தானியங்கித் தறியை முழுமையாக்கினார். 1929-ல் அத்தறியின் உரிமையை, முன்பு ஜப்பானுக்கு யந்திரம் விற்ற அதே இங்கிலாந்துக் கம்பெனியே விலை கொடுத்து வாங்கிற்று. தாய்மொழியிலே தொழில் கற்ற தேசத்தில் இத்தகையோர் தோன்றுவது வியப்பன்று. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் இரு எஞ்சினீயரிங் துறைகளைத் தமிழில் தொடங்கியதை வரவேற்கிறோம். ஆயினும் அதனினும் அவசரமானது ஃபிட்டருக்கும், வெல்டருக்கும், லேத் ஓட்டுபவருக்கும், பம்பு மெக்கானிக்குக்கும் நல்ல தமிழ் நூல்கள் வேண்டுவதே. நம் பண்டிதர்களும் பொறியாளர்களும் கூடியிருந்து செய்யத்தக்க தேசத்தொண்டு இதனினும் வேறு யாதுளது?

எல்லாவற்றிற்கும் மேலாக, தொழிற்சங்கத்தார் இவ்விஷயத்தைத் தம் கோரிக்கைப் பட்டியலின் தலையில் வைக்கவேண்டும். போனஸுக்காகப் போராடும் சங்கம் பயிற்சிக்காகவும் போராட வேண்டும். உற்பத்தி உயர்ந்தால் கூலி எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். புது யந்திரம் வரும்போது பழைய ஆளை நீக்காமல் அவனையே அதில் பழக்கவேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகுக. அப்போது தொழிலாளி புது முறைக்குப் பகைவனாக இரான். 1928-ன் கதை மீண்டும் நடவாது.

கோகலேயின் மசோதாவைத் தோற்கடிக்க 38 வாக்குகள் போதுமாயிருந்தன. அதன் நஷ்டத்தைக் கணக்கிட்டு முடிக்க ஒரு நூற்றாண்டும் போதவில்லை. அந்த வாக்கைச் செலுத்தியவர் அன்னிய ஆட்சியின் நிழலில் இருந்தவர் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று வாக்கு நம்முடையது, சட்டசபையும் நம்முடையது. அடுத்த தேர்தலில் நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோரிடம், எத்தனை ஆலைகளைக் கொணர்வீர் என்று மட்டும் கேளாமல், அவ்வாலைகளில் நம் பிள்ளைகள் எந்த வேலையைக் கற்றுக்கொள்வார்கள் என்றும் கேட்கக் கடவோம்.